புது வீடும் புது வரவும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர், பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு பழைய வீட்டுக்கு வர்ணம் அடித்துப் பார் என்பதையும் ஏன் சேர்க்காமல் விட்டார் என்பது நமக்கு விளங்கவில்லை. ஒருவேளை அவர் காலத்தில் அதற்கு யாரும் துணியவில்லை போலும். நம் மாப்பிள்ளை துணிந்தார்.

கும்பகோணத்தில், காவிரிக்குச் சமீபமாக ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. திண்ணை, ரேழி, கூடம், நடு முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்துக்கு இடுப்பளவு மரக் கிராதி, எட்டுத் தேக்குத் தூண்கள் என்று எல்லா லக்ஷணமும் பொருந்திய வீடு. பத்திரம் பதிவானபோது நம் மகளுக்கு ஐந்தாம் மாதம். கர்ப்பிணி உள்ள குடும்பத்தில் கட்டட வேலை தொடங்குவதில்லை, கிருகப்பிரவேசம் செய்வதில்லை என்பது நம் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம். ஆகவே ஆரவாரம் எதுவும் இல்லாமல் பாலை மட்டும் காய்ச்சிக் குடித்துவிட்டுக் குடியேறினார்கள்.

மறுநாளே அலங்கார ஆலோசனை ஆரம்பமாயிற்று. தம்பதிகள் கைப்பேசியில் ஆயிரம் படங்களைப் பார்த்து வைத்திருந்தார்கள். குழந்தையின் அறைக்கு ரோஜா வர்ணமா, நீலமா என்பதில் இரண்டு நாள் போயிற்று. பெண் என்றால் ரோஜா, பிள்ளை என்றால் நீலம் என்பது மேனாட்டார் வழக்கம். பிறக்கப் போவது எதுவென்று முன்கூட்டிச் சொல்வதை நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருக்கிறது. மிக நல்ல சட்டம். அதன் பயன்களில் இதுவும் ஒன்று என்று எண்ணிக்கொண்டோம். முடிவில் மஞ்சள் என்று சமாதானமாயிற்று. சுவரில் நீல யானைகள் நான்கு. சின்னாளப்பட்டுச் சேலையைக் கிழித்துத் திரைச்சீலை. கதவு, ஜன்னல், கிராதி, தூண் எல்லாவற்றிலும் உள்ள பழைய பச்சை வர்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தேக்கின் ரேகை தெரியும்படி எண்ணெய் பூசுவது. இதுதான் திட்டம்.

நம் தாயாருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. “ஏண்டா, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஓர் ஆணி கூட அடிக்கக் கூடாது என்பார்கள். நீங்கள் வீட்டையே சுரண்டப் போகிறீர்களே!” என்றார்.

“காலம் மாறிவிட்டது, அம்மா” என்று சொன்னோம். சற்று அலட்சியமாகவே சொன்னோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேலை தொடங்கிய நான்காம் நாள் நாம் தஞ்சாவூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது, இரண்டு ஆட்கள் கிராதியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தார்கள். முற்றத்து வெயிலில் பச்சைப் பொடி புகைபோல் மிதந்தது. நம் மகள் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். ஊஞ்சல் பலகை மேல் பொடி படிந்திருந்தது. அதில் விரலால், குழந்தைக்கு வைக்க நினைத்த பெயர் ஒன்றை எழுதி, அழித்து, வேறொன்றை எழுதி விளையாடிக் கொண்டிருந்தாள். பிறகு அதே விரலால் அடுத்த முறுக்கை எடுத்தாள்.

நம்முடன் வந்திருந்த நண்பர் ஒரு டாக்டர். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “இந்த வர்ணம் எத்தனை வருஷத்தது, மேஸ்திரி?” என்று கேட்டார்.

“அறுபது வருஷம் இருக்கும், ஐயா. ஏழெட்டுப் பூச்சு இருக்கு” என்றார் மேஸ்திரி.

“வேலையை நிறுத்துங்கள். குழந்தாய், எழுந்து வாசலுக்கு வா அம்மா” என்றார் டாக்டர். அவர் குரலில் இருந்த கடுமையை நாம் அதற்குமுன் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. வெள்ளைக்கு ஈயத்தின் உப்பு. பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயமும் குரோமியமும் சேர்ந்த உப்பு. ஜன்னல் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க முதலில் பூசும் செம்பூச்சும் ஈயத்திலிருந்து செய்ததே. மரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் வரையில் அது சாது. சுரண்டித் தூளாக்கினாலோ, தீ காட்டி உரித்தாலோ, மூச்சிலும் வாயிலும் புகுந்துவிடும். தாயின் இரத்தத்தில் சேர்ந்த ஈயம் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகிறது. உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று மயங்கி எலும்பில் சேர்த்து வைக்கிறது. கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது, என்றோ சேர்ந்ததும் வெளியே வருகிறது. கருச்சிதைவு, எடை குறைந்த பிரசவம் முதலியவற்றுக்கு அது காரணமாகலாம். எல்லாவற்றிலும் மோசமானது, குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிப்பது. ஈயத்துக்கு ‘இவ்வளவு வரை பாதகமில்லை’ என்று சொல்லத் தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு.

(சகோதரிகள் உடனே ரசம் வைக்கும் ஈயச் சொம்பைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட வேண்டாம். சொம்பு வெள்ளீயத்தால் செய்வது. நாம் சொல்வது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். ஆனால் சொம்பு வாங்கும்போது காரீயக் கலப்பில்லாததாக, நம்பிக்கையான கடையில் வாங்க வேண்டும்.)

இதை முதலில் கண்டுபிடித்த கதை, தாழ்வாரமும் கிராதியும் உள்ள வீட்டார் அனைவரும் அறிய வேண்டியது. ஆஸ்திரேலியாவில் குயீன்ஸ்லாந்து என்ற மாகாணம் நம் ஊரைப் போலவே வெயில் கொளுத்தும் இடம். அங்கே பிரிஸ்பேன் நகரத்தில், 1890-க்குப் பின் வந்த ஆண்டுகளில், குழந்தைகள் பலர் வயிற்றுவலியும் கைகால் வாதமும் கண் கோளாறுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஈய விஷம் என்று டாக்டர்கள் கண்டார்கள். ஆனால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற கண் மருத்துவர் 1904-இல் விடை சொன்னார். வீடுகளின் தாழ்வாரக் கிராதிக்கு ஈய வர்ணம் பூசியிருந்தார்கள். வெயில் பட்டுப் பட்டு அது மாவாக உதிர்ந்தது. குழந்தைகள் கிராதியைப் பிடித்துக்கொண்டு விளையாடினார்கள். பிறகு விரலை வாயில் வைத்தார்கள். அவ்வளவுதான். சிலர் அவர் கூற்றை நம்ப மறுத்தார்கள். கடைசியில் 1922-இல் அந்த மாகாணம், குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈய வர்ணம் பூசக் கூடாதென்று சட்டம் செய்தது.

அமெரிக்கா 1978-இல் விழித்துக்கொண்டது. நம் நாட்டிலோ 2016-இல்தான் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல் அமலாயிற்று. வீட்டு வர்ணத்தில் 10 லக்ஷம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது விதி. வர்ண டப்பாவின் மேல் இது அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது வீட்டுக்காரர் பொறுப்பு. விலை குறைவு என்று பெயர் தெரியாத டப்பாவை வாங்குவது, அதிலும் மஞ்சளும் சிவப்பும் வாங்குவது, புத்திசாலித்தனமல்ல. அந்த நாளுக்கு முன்பு பூசிய எண்ணெய் வர்ணம் எதையும் சந்தேகக் கண்ணுடன் பார்ப்பதே மேல்.

மறுநாள் நம் மகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். முடிவு வரும் வரையில் வீட்டில் யாரும் யாருடனும் அதிகம் பேசவில்லை. மாப்பிள்ளை, தம்மைத் தாமே கடிந்துகொண்டு முற்றத்தில் உலாவினார். நம் தாயார் ஒரு வார்த்தை கூடக் குத்திக்காட்டவில்லை. அது நமக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நல்ல வேளையாக, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. நான்கு நாளோடு நின்றதே காரணம் என்றார் டாக்டர். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால் என்று இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள ஆகாரத்தைக் குறைவில்லாமல் கொடுக்கச் சொன்னார். வயிற்றில் அவை நிறைந்திருந்தால் ஈயம் உடலில் சேர்வது குறையுமாம்.

அன்றே அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்துவிட்டோம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி அழைத்து வருவதாக இருந்தது. ஒரு மாதம் முந்திவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு என்று அப்போதுதான் தோன்றிற்று. பிரசவமாகி மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்பும் வரையில் புக்ககத்தில் எந்த வேலையும் நடக்கலாம். தாய்க்கும் சேய்க்கும் ஒரு தூசு படாது. கர்ப்பிணி வீட்டில் கட்டட வேலை கூடாதென்று சொன்ன காலத்தில் ஈய வர்ணம் ஏது? ஆகையால் முன்னோர்கள் எல்லாவற்றையும் அறிந்தே சொன்னார்கள் என்று மார்தட்ட நாம் தயாரில்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பிறகு வேலை வேறு விதமாக நடந்தது. சுவர்களைப் பற்றிக் கவலையில்லை. அவை ஆதியிலிருந்து சுண்ணாம்பு. சுண்ணாம்பில் ஈயம் கிடையாது. துளி நீலம் கலந்து இரண்டு பூச்சு அடித்தால் அதன் குளிர்ச்சிக்கு எந்த விலையுயர்ந்த வர்ணமும் ஈடாகாது. காயும் வரையில் காரம், ஆகவே கிட்டே போகாமலிருந்தால் போதும். உயரத்தில் உறுதியாக இருந்த பழைய வர்ணத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது வர்ணம் பூசினார்கள். தூண்களைத் தண்ணீர் விட்டு நனைத்து ஈரத்தாளால் தேய்த்தார்கள். கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்ந்ததை அப்படியே சுருட்டிக் கட்டினார்கள். துடைப்பம் தொடவில்லை, ஈரத்துணிதான். ஆட்கள் வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இது எல்லாவற்றையும் விட முக்கியம் என்பது நம் அபிப்பிராயம். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்களே! கிராதியையும் தாழ ஜன்னல்களின் கம்பியையும் மாற்றிப் புதிதாகவே போட்டுவிட்டார் மாப்பிள்ளை. திரைச்சீலைக்கும் யானைகளுக்கும் வைத்திருந்த பணம் அதில் போயிற்று.

யானைகள் போனதில் குழந்தைக்கு நஷ்டமில்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல். வர்ணங்களைப் பகுத்தறிய நாலைந்து மாதம் ஆகும். ரோஜாவும் நீலமும் அதற்கு ஒன்றே. மடியில் கிடக்கும்போது தெரியும் தாயின் முகம்தான் அதற்குச் சித்திரசாலை. கூடத்து உத்தரத்தில் தொட்டில் கட்டும் பழைய வளையம் ஒன்று இருந்தது. அதை நம்பிவிடாமல், மாப்பிள்ளை தாமே ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கிப் பார்த்தார். உத்தரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிறு அறுந்தது. வேறு கயிறு வாங்கினோம்.

பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் கும்பகோணம் போனாள். பத்தாம் மாதத்தில் ஒரு நாள் காலை, தாழ்வாரத்தில் தவழ்ந்து போய், புதுக் கிராதியைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக எழுந்து நின்றாள். எல்லோரும் கைதட்டினோம். அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து கிராதியின் மேல் சட்டத்தை வெகு சிரத்தையுடன் கடிக்கத் தொடங்கினாள். தேக்கில் நான்கு பல்லின் தடம் இப்போதும் இருக்கிறது.