மலைப்பாதை ஜீப்: ஸ்டீயரிங் ஆர்ம் போல்ட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நீலகிரியில் தேயிலைக் கொழுந்தும் காய்கறியும் ஏற்றும் ஃபோர் வீல் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டுவோர், ஸ்டீயரிங் ஆர்மையும் கனமானதாக மாற்றுகிறார்கள். ஆர்ம் எவ்வளவு கனமானாலும், அதை நக்கிளோடு பிடித்திருப்பவை சில போல்ட்டுகளே. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி இறக்கத்தில் அவை கழன்றால் வண்டி நம் கையில் இருக்காது.

தரம்: போல்ட் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 4.6 என்பது சாதாரண இரும்பு. அதன் இழுவலிமை 400 மெகாபாஸ்கல். 8.8-க்கு 800, 10.9-க்கு 1,000. ஆர்ம் தயாரிப்பாளர் சொல்லும் தரத்தையே வாங்குங்கள். எண் இல்லாத போல்ட் வேண்டவே வேண்டாம். 10.9 போல்ட்டுக்கு 10 தர நட்டுதான் பொருத்தம்.

நீளம்: ஆர்மும் நக்கிளும் சேரும் இடத்தில் மரை வராமல், வழவழப்பான தண்டுப் பகுதி அமைய வேண்டும்.

பொருத்துதல்: சேரும் முகங்களில் பெயின்ட், துரு, கிரீஸ் இருக்கக் கூடாது. டார்க் ரெஞ்சால், குறிப்பிட்ட அளவுக்கு முறுக்குங்கள். கழற்றிய நைலாக் நட்டையும் காட்டர் பின்னையும் மறுபடி போடாதீர்கள்.

நட்டின் மேல் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். முதல் லோடு இறக்கியதும் பாருங்கள்; கோடு விலகியிருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.