நெல்லும் சரக்கு ரெயிலும்

ஒரு நாட்டின் செல்வம் விளைச்சலால் மட்டும் பெருகுவதன்று. விளைந்த பொருள் வேண்டுமிடத்திற்கு வேண்டுங்காலத்திற் சென்று சேர்ந்தாலன்றி அவ்விளைச்சலால் முழுப் பயன் உண்டாகாது. இதற்குக் காவிரி டெல்டா தக்க உதாரணமாகும்.

டெல்டாவில் சம்பா அறுவடை ஜனவரி மாதந் தொடங்கிச் சில வாரங்களுக்குள் பெரும்பாலும் முடிவுறுகின்றது. நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் மலைபோற் குவிகின்றன. அவ்வளவையும் அரைப்பதற்கு உள்ளூர் ஆலைகள் போதா. ஆகவே, தஞ்சாவூர் முதலிய ஸ்டேஷன்களிலிருந்து வெளி ஜில்லாக்களின் ஆலைகளுக்குச் சரக்கு ரெயிலில் நெல் அனுப்பப்படுகின்றது. 42 வாகன்கள் கொண்ட வண்டியொன்று ஏறக்குறைய 2,000 டன் நெல்லைக் கொண்டு செல்லும். அதனையே 10 டன் ஏற்றும் லாரிகளில் அனுப்ப வேண்டின் 200 லாரிகள் வேண்டும்.

இரும்புப் பாதையின்மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆதலால் ஒரே எஞ்சின் பெரும் பாரத்தைச் சொற்ப எரிபொருட் செலவில் இழுத்துவிடுகின்றது. எனினும் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தனிச் செலவுண்டு. தூரமும் அளவும் மிகுந்தவிடத்து ரெயிலே இலாபம். இரண்டும் குறைந்தவிடத்து லாரியே சௌகரியம்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு இருப்புப்பாதை 1861-62-இல் திறக்கப்பட்டது. பின்னர் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் நேர்ந்த கொடிய பஞ்சத்தின்போது, கடல் வழியாக வந்த தானியத்தை ரெயில் உள்நாட்டு ஸ்டேஷன்களுக்குக் கொண்டு சேர்த்தது. ஆனால், தீவனமின்றி மாடுகள் மடிந்தமையால் ஸ்டேஷனிலிருந்து கிராமங்களுக்கு வண்டியோட்ட இயலாமற்போன இடங்கள் பல. ரெயிலால் விளையும் நன்மை ஸ்டேஷன் வாயிலோடு நின்றுவிடும் என்பதும், அதற்கப்பால் சாலையும் மனித முயற்சியுமே துணை என்பதும் அப்பஞ்சம் புகட்டிய பாடமாகும்.

இப்பாடம் இன்றைக்கும் பொருந்தும். நெல் உரிய காலத்தில் வெளியேறாவிடின் கொள்முதல் நிலையத்தில் இடமில்லாமற் போகும். பின்னர்க் கொணரும் விவசாயியின் நெல் வெட்டவெளியிற் கிடந்து மழையில் நனைந்து முளைவிடும். ஆதலின் நிலச்சுவான்தார்கள் நெல்லை ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்படாதவாறு உலர்த்தி, பதர் நீங்கத் தூற்றிக் கொணர்தல் வேண்டும். ஈர நெல் மூட்டைக்குள் வெப்பமேறிக் கெடும். தன்னோடு அடுக்கிய மூட்டைகளையும் கெடுக்கும். கிராம அதிகாரிகள் சாகுபடிச் சான்றுகளைத் தாமதமின்றி வழங்குவதுடன், கொள்முதல் நிலையத்திற்குச் செல்லும் பாதையை அறுவடைக்கு முன்னரே செப்பனிடுவிக்க வேண்டும். குறித்த நேரத்திற்குள் வாகன்களில் ஏற்றி முடிக்காவிடின் தாமதக் கட்டணம் விதிக்கப்படும் என்பதையும் யாவரும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

யூரியா முதலிய உரங்களும் ரெயில் மூலமாகவே பெருமளவில் வருகின்றன. கூட்டுறவுச் சங்கங்கள் தத்தம் தேவையை நடவிற்கு முன்னரே கணக்கிட்டுத் தெரிவித்தால், உரம் பயிருக்கு வேண்டிய தருணத்தில் வந்து சேரும். களத்தில் ஒரு நாள் அசட்டையாயிருப்பதால் ஒரு போகத்தின் உழைப்பே வீணாகக்கூடும்.