பூமியைப் பற்றிய பாடமும் ஊராட்சியின் துணையும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் தாய்லாந்து நாட்டின் புக்கெட் தீவில், கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்ட 10 வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, ஆழிப்பேரலை வரப்போகிறதென்று பெற்றோரை எச்சரித்தாள். இரு வாரங்களுக்கு முன் பள்ளியில் கேட்ட பூகோளப் பாடமே அவளுக்கு அதனை உணர்த்திற்று. கரையிலிருந்தோர் ஏறத்தாழ 100 பேர் உயிர் தப்பினர். அதே நாளில் நமது நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். பூமியைப் பற்றிய பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இப்பாடத்தை நடத்தும் கிராமப் பள்ளி ஆசிரியர், பெரும்பாலும் புத்தகப் படத்தைக் கொண்டே விளக்க வேண்டியவராக உள்ளார். வெளியூரிலிருந்து வந்தவராயின் நம் ஊர் மண்ணையும் கிணற்றையும் அவர் அறியார். உழவரோ அவற்றை அறிவார். காரணத்தை ஆசிரியர் அறிவார். இவ்விரண்டையும் இணைப்பது ஊராட்சியின் பணியாகும்.

மழையும் கிணறும்

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்றை, மரநிழல் படாத திறந்தவெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை மாணவர் அளக்கலாம். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. மாதம் ஒருமுறை பொதுக்கிணற்றின் நீர்மட்டத்தையும் கயிற்றால் அளந்து மழைக் கணக்குடன் ஒப்பிட்டால், மழைநீர் நிலத்தடியில் சேரும் விதம் விளங்கும்.

நமது மாநிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடும்பாறையின் மேல் அமைந்தது. பாறை சிதைந்த பகுதியிலும் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். ஒரு வயலில் நீர் கிடைக்க, அடுத்த வயலில் கிடைக்காமற் போவது இதனாலேயே. ஊரில் ஆழ்துளைக் கிணறு இறக்கும்போது, 10 அடிக்கு ஒரு பிடி மண்ணும் கல்தூளும் எடுத்துப் புட்டிகளில் இட்டு, ஆழத்தைச் சீட்டில் குறித்துப் பள்ளிக்கு அளியுங்கள். நிலத்தினுள் இருப்பதை மாணவர் கண்ணாற் காண இதனினும் எளிய வழி இல்லை.

மண்ணும் கல்லும்

வயல் மண்ணை நீருள்ள கண்ணாடிப் புட்டியிலிட்டுக் குலுக்கி வைத்தால், மணல் முதலிலும் வண்டல் பின்னரும் படியும். களி நெடுநேரம் கலங்கியே நிற்கும். நீரைத் தாங்கும் மண் எது, வடித்துவிடும் மண் எது என்பதை இதனால் விளக்கலாம். வாய்ப்புள்ள ஊர்கள், திருவக்கரையிலும் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரிலும் உள்ள கல்மரங்களைக் காண மாணவரை அனுப்பலாம். சாத்தனூர்க் கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளமுடையது. அப்பகுதி ஒரு காலத்தில் கடலாயிருந்தது.

ஊராட்சி செய்யத்தக்கவை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. அக்குழுவில் ஆசிரியரின் தேவையைக் கேட்டறியுங்கள். ஏரிக்கும் கிணற்றுக்கும் மாணவர் செல்லுங்கால் பொறுப்புள்ள பெரியவர் இருவரை உடன் அனுப்புங்கள். அனுபவமுள்ள உழவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். மார்ச் 22-ஆம் நாள் கூடும் கிராம சபையில் மாணவர் எடுத்த மழை, கிணற்றுக் கணக்கை அவர்களைக் கொண்டே படிக்கச் செய்யுங்கள்.

இதற்கு ஆகும் செலவு சிறிது. கிடைக்கும் கணக்கோ ஊருக்கே உரியது. எங்கே ஏரியைத் தூர்வாருவது, எந்தப் பயிரை எப்போது இடுவது என்று நாளை முடிவு செய்யப் போகிறவர்கள், இன்று அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியரே.