சப்தரிஷிகளின் கோத்திரம்

வடவானில் சப்தரிஷி மண்டலத்தை நோக்குகிறவர்கள் அவ்வேழு நட்சத்திரங்களும் ஒரே குலத்தவை என்று எண்ணுவது இயல்பே. ஆனால் 1869-ஆம் ஆண்டில் ரிச்சர்டு பிராக்டர் என்னும் ஆங்கிலேய வானநூலார், நட்சத்திரங்கள் வானில் இம்மியளவாக இடம்பெயர்வதை அம்புக்குறிகளாகப் படத்தில் குறித்துப் பார்த்தபோது, இரு கோடிகளிலும் நிற்கும் கிரதுவும் மரீசியும் வேறு வழியே போக, இடையிலுள்ள புலகர், புலஸ்தியர், அத்திரி, அங்கிரஸ், வசிஷ்டர் ஆகிய ஐவரே, அருந்ததியும் உடன்வர, ஒரே திசையில் செல்வதைக் கண்டார். இவர்கள் நமக்குச் சுமார் 80 ஒளியாண்டுத் தூரத்தில் இருக்க, விலகிச் செல்லும் இருவரும் 100 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறார்கள்.

சேர்ந்து நடப்பவரெல்லாம் உடன்பிறந்தவர் ஆகிவிடுவாரா? ஹெர்குலிஸ் தாரை என்று பெயர் பெற்ற நட்சத்திரக் கூட்டமும் ஒரே கதியில்தான் செல்கிறது. ஆயினும் அவற்றின் ஒளியை நிறமாலையாக விரித்து, இரும்பு, மெக்னீசியம் முதலிய மூலகங்களின் விகிதத்தை ஆராய்ந்தபோது, இளையனவும் முதியனவும், உலோகம் மிக்கனவும் குறைந்தனவுமாக அவை கலந்து கிடந்தன. நமது பால்வீதியின் நடுவில் தண்டுபோல் நீண்டு சுழலும் நட்சத்திரத் திரளின் ஈர்ப்பே, எங்கெங்கோ பிறந்தவற்றை ஒரே வழியில் திருப்பிவிட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. மெய்யான உடன்பிறப்புக்களோ ஒரே வாயுமேகத்தில் உருவானவையாதலால், மூலக விகிதத்திலும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும்.

இந்தப் பரீட்சையை ரிஷிகளிடமே நடத்துவது எளிதன்று. சூடு மிகுந்து வேகமாகச் சுழலும் நட்சத்திரங்களில் நிறமாலைக் கோடுகள் மங்கிப் பரந்துவிடுகின்றன. அங்கிரஸோ காந்தசக்தியினால் சில மூலகங்களை மேற்பரப்பில் திட்டுத்திட்டாகத் திரட்டி வைத்திருப்பதால், அதன் முகத்தைக் கண்டு அகத்தை அறிய முடியாது. ஆகவே அதே கூட்டத்தோடு செல்லும், சூரியனை ஒத்த, அடக்கமான சிறு நட்சத்திரங்களையே சாட்சிகளாகக் கொள்கிறார்கள். பேரொளி படைத்தவர்களைவிட இவர்களே நம்பத்தக்க சாட்சிகள் என்பது என் எண்ணம்.

வானிலேயே மிகப் பிரகாசமான சிரியஸையும் முன்னாளில் இக்கூட்டத்தின் உறுப்பாகவே கொண்டிருந்தனர். அதன் கதி அவ்வளவு ஒத்திருந்தது. ஆனால் கூட்டத்தின் வயது 40 கோடி ஆண்டுகளுக்குக் குறையாதென்று கணக்கிட்டிருக்க, சிரியஸுக்கு வயது சுமார் 24 கோடி ஆண்டுகளே என்று தெரிந்தபின், அந்த உறவு மிகுந்த சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டது.