குடியை விட மன உறுதி போதுமா? அடையாறு சொல்லும் பதில்!

சென்னை

"நாளையிலேர்ந்து தொட மாட்டேன். இது சத்தியம்!"

குடிகாரர் உள்ள வீட்டில் இதைக் கேட்காத சுவர் கிடையாது. மயிலாப்பூர் கபாலி கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர் உண்டு. பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்தவரும் உண்டு. மறுநாள் பொழுது சாய்கிறது. கை நடுங்குகிறது. கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிறது.

"மனசுல உறுதி இல்லாத ஆளு" என்று தெருவே பேசுகிறது.

மன உறுதி வேண்டும், வாஸ்தவம்தான். ஆனால் அதை எங்கே, எந்த நேரத்தில் காட்டுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைச் சென்னைக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி.

பெரிய வீட்டுத் துயரம்

அவர் பெயர் சாந்தி ரங்கநாதன். மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலை என்று இருக்கிறதே, அந்த டி.டி.கே. குடும்பம்தான்.

பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் குடிப்பழக்கம் கணவர் டி.டி.ரங்கநாதனை 1979-ல் கொண்டு போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 33.

கணவர் குடித்து இறந்தார் என்று வெளியில் சொல்லவே குடும்பங்கள் கூசிய காலம் அது. சாந்தி மூடி மறைக்கவில்லை. அமெரிக்காவின் ஹேசல்டன் சிகிச்சை மையத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். 1980-ல் கணவரின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. ஆஸ்பத்திரி அதன் கீழ் நடப்பதுதான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம். 1999-ல் ஐ.நா. சபையின் வியன்னா விருது.

ரோஷம் மட்டும் போதாது!

குடி அடிமைத்தனம் ஒரு நோய். திமிர் அல்ல, கொழுப்பும் அல்ல. சர்க்கரை வியாதிக்காரரை "மனசை அடக்கு, சரியாப் போயிடும்" என்று யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. இதுவும் அப்படித்தான்.

தினமும் உள்ளே போகும் மது மூளையை அமுக்குகிறது. மூளை அதை எதிர்த்து முறுக்கேறி நிற்கப் பழகிவிடுகிறது. ஒரே நாளில் நிறுத்தினால் அந்த முறுக்கு கட்டவிழ்கிறது. நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிவதும் உண்டு. உயிரே போகலாம்.

ஆகவே, வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் ரோஷத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். நடுக்கத்தை அடக்க மருந்து, வைட்டமின் பி1 ஊசி என்று முதல் சில நாள் வைத்தியம் நடக்கும். அதற்குப் பிறகுதான் அசல் வேலையே! தன் குடியைப் பற்றி, தன்னைப் போன்ற பத்துப் பேர் நடுவே ஒளிவு மறைவில்லாமல் பேசுவது. மனைவி, மக்களும் வந்து உட்கார்ந்து பேசுவது.

சோற்றில் கலக்காதீர்!

'குடிப்பவருக்குத் தெரியாமலே குணமாக்கலாம்' என்று சுவரெல்லாம் விளம்பரம். அலுத்துப்போன மனைவி அதை வாங்கிக் குழம்பில் கலக்கிறார்.

இது விபரீதம்! டைசல்பிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். உள்ளே மாத்திரை இருப்பது தெரியாமல் ஒருவர் வழக்கம்போலக் குடித்தால் என்ன ஆகும்? டாக்டர் சொல்லி, நோயாளி சம்மதித்து, தெரிந்தே சாப்பிட வேண்டிய மருந்து அது.

மன உறுதிக்கு இங்கேதான் இடம். சாயங்காலம் கடை வாசலில் நின்று மனசோடு மல்லுக்கட்டினால் மனசு தோற்கும். காலையில், தலை தெளிவாக இருக்கும்போது, தன் கையாலேயே அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்பவர் அன்றைய சண்டையைக் கடை திறக்கும் முன்பே ஜெயித்துவிடுகிறார்.

இன்று ஒரு நாள்

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை டாக்டரும் சந்தித்தார்கள். இருவருமே குடிக்கு அடிமை. ஒருவரையொருவர் தாங்கி நின்று விட்டொழித்தார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது அப்படித்தான். சென்னையில் தமிழிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது.

ஆயுசுக்கும் சத்தியம் செய் என்று அங்கே கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காதே, அவ்வளவுதான். பத்தாவது கிளாஸ் அல்ல, முதல் கிளாஸ்தான் எதிரி.

தமிழ்நாட்டில் சட்டத்தின் கதையும் தெரிந்ததுதான். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டு வந்தார். 1971-ல் அது தளர்ந்தது, 1974-ல் திரும்பி வந்தது, 1981-ல் மறுபடி போனது. 2003 முதல் சில்லறைக் கடையை நடத்துவதே அரசின் டாஸ்மாக்தான். கடை இருக்கும் ஊரில்தான் குடிக்காமல் வாழப் பழக வேண்டியிருக்கிறது.

வீட்டாருக்கு

ஆபீசுக்கு போன் போட்டு "அவருக்கு ஜுரம்" என்று பொய் சொல்லாதீர்கள். குடிக் கடனை அடைக்காதீர்கள். விட்டவரிடம் "நீயாவது, திருந்துறதாவது!" என்று குத்திக் காட்டவும் வேண்டாம். சம்பளம் நேராக வீட்டுக்கு வரட்டும். கடை இல்லாத தெரு வழியாக அவர் வரட்டும். விளக்கு வைத்த உடனே சாப்பாடு போடுங்கள். வெறும் வயிறும் குடியைத் தூண்டும்.

மறுபடி விழுந்தால்? வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். மறுநாளே டாக்டரிடம் திரும்பிப் போவதும் மன உறுதிதான்.

மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் இந்திரா நகர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் வைத்தியம் உண்டு. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற எண்ணுக்குப் பேசலாம். காசு கிடையாது.