சுகர்னு சொல்லிட்டாங்க, எந்த சுகர்னு கேட்டீங்களா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தனோட கதை. அவன் சொல்லச் சொன்னதால சொல்றேன், பேர் மட்டும் வேண்டாம்னுட்டான்.

படிப்பு முடிஞ்சதும் நான் சாஃப்ட்வேர் பக்கம் வந்துட்டேன், அவன் ஒரகடம் பக்கம் போயிட்டான். வடக்குப்பட்டுல ரூம், கம்பெனி பஸ், மாறி மாறி ஷிஃப்ட். 27 வயசுல, ரெண்டே மாசத்துல 8 கிலோ இறங்கிடுச்சு. எந்நேரமும் தாகம், ராத்திரி நாலு தடவை பாத்ரூம். நைட் ஷிஃப்ட் ஒத்துக்கலைன்னு நினைச்சான். ஒரு கிளினிக்ல பார்த்தா சுகர் 380. அப்பாவுக்கும் சுகர் இருக்கு, அதனால இவனுக்கும் அதேதான்னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. கொஞ்சம் குறைஞ்சுது. அஞ்சாவது மாசம் ஷிஃப்ட் நடுவுல வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குது. நேரா ஐசியூ. அங்கதான் தெரிஞ்சது, அவனுக்கு டைப் 2 இல்ல, டைப் 1.

ஒரே எரர், வேற வேற காரணம்

ஆப் திறக்கலைன்னா ஸ்கிரீன்ல ஒரே எரர்தான் வரும். கோளாறு சர்வர்லயா, நெட்வொர்க்லயா, கோட்லயான்னு அது சொல்லாது. சுகர் டெஸ்ட்டும் அப்படித்தான். வெறும் வயித்துல 126-க்கு மேல, ஹெச்பிஏ1சி 6.5-க்கு மேல இருந்தா சர்க்கரை நோய்னு சொல்லும். எந்த வகைன்னு சொல்லாது. ஆனா மருந்து வகையைப் பொறுத்துதான்.

டைப் 1-ல நம்ம எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கிற செல்களை அழிச்சிடுது. இன்சுலின் இல்லாம உயிர் தங்காது. இது குழந்தைகளுக்கு மட்டும் வர்றதில்ல. பெரியவங்களுக்கு சில சமயம் மெதுவா வரும், அதனால முதல்ல சில மாசம் மாத்திரையே வேலை செய்யுற மாதிரி தெரியும். என் ஃப்ரெண்டுக்கு நடந்தது அதுதான்.

டைப் 2-ல இன்சுலின் இருக்கும், உடம்பு அதைச் சரியா கேக்காது. தொப்பை, கழுத்துக்குப் பின்னாடி வெல்வெட் மாதிரி கறுப்புப் பட்டை, குடும்பத்துல சுகர், இதெல்லாம் குறிப்புகள். ஒல்லியா இருந்தா டைப் 1, வயசு கம்மின்னா டைப் 1னு முடிவு பண்ணவும் முடியாது. நம்ம ஊர்ல டைப் 2 சின்ன வயசுலயே, பெரிசா வெயிட் இல்லாமலே வருது. 25 வயசுக்குள்ள சுகர் வந்தவங்களுக்காக ஐசிஎம்ஆர் 2006-ல ஒரு பதிவேடு தொடங்கினாங்க. அதுல அதிகம் டைப் 1தான், ஆனா சுமார் நாலுல ஒருத்தருக்கு டைப் 2.

ரெண்டுலயும் அடங்காதவங்க

தாத்தா, அப்பா, பையன்னு மூணு தலைமுறையா சின்ன வயசுலயே சுகர்னா 'மோடி'யா இருக்கலாம். பேரைக் கேட்டு சிரிக்காதீங்க, ஒரே ஒரு ஜீன் மாற்றத்தால வர்ற வகை. இதுல சிலருக்கு இன்சுலினை நிறுத்திட்டு விலை கம்மியான மாத்திரைக்கே மாற முடியும். சிறு வயசுலேர்ந்தே வயித்து வலி இருந்தா கணையத்துல கல் இருக்கான்னு ஸ்கேன்ல பார்க்கணும். கேரளா, தமிழ்நாட்டுல தெரிஞ்ச வகை அது.

இன்னொண்ணு, வளர்ற வயசுல சரியா சாப்பாடு கிடைக்காதவங்களுக்கு வர்றது. 1985-ல உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி வகையா ஏத்துக்கிச்சு, 1999-ல பட்டியலேர்ந்து எடுத்துடுச்சு. நம்ம வேலூர் சிஎம்சி டாக்டர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2022-ல வெளியிட்ட ஆய்வு, இது டைப் 1, டைப் 2 ரெண்டுலேர்ந்தும் வேறன்னு காட்டுச்சு. 2025-ல சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு இதுக்கு 'டைப் 5'னு பேர் வச்சது.

டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்?

"டாக்டர், எனக்கு எந்த வகைன்னு எப்படி முடிவு பண்ணீங்க?" இந்த ஒரு கேள்வி போதும்.

சந்தேகம் இருந்தா ரெண்டு ரத்தப் பரிசோதனை உதவும். ஜிஏடி ஆன்டிபாடி இருந்தா, எதிர்ப்பு சக்தி நம்ம செல்களையே தாக்குதுன்னு அர்த்தம். அடுத்தது சி-பெப்டைட். உடம்பு இன்சுலின் தயாரிக்கும்போது கூடவே வெளிவர்ற துண்டு அது. ஊசியில போடுற இன்சுலின்ல இது கிடையாது, அதனால ஊசி போட்டுட்டு இருந்தாலும் சொந்த இன்சுலின் எவ்வளவு மிச்சம்னு கண்டுபிடிக்கலாம். ஆனா சுகர் ரொம்ப ஏறியிருக்கும்போது எடுத்தா தப்பா கம்மியா காட்டலாம், அப்போ சில மாசம் கழிச்சு திரும்ப எடுப்பாங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. சுகரோட வாந்தி, வயித்து வலி, வேகமான ஆழமான மூச்சு, வாயில பழ வாசனை இதெல்லாம் சேர்ந்தா ஷிஃப்ட் முடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க. இந்த எபிசோடைக் கேட்டுட்டு நீங்களா இன்சுலினை நிறுத்தவோ மாத்தவோ கூடாது.

என் ஃப்ரெண்ட் இப்போ நல்லா இருக்கான். அதே பஸ், அதே ஷிஃப்ட், பையில டிஃபன் பாக்ஸோட ஒரு இன்சுலின் பேனா. "முதல் நாளே யாராவது எந்த வகைன்னு பார்த்திருந்தா ஐசியூ பில்லு மிச்சம்டா"ன்னு சிரிச்சுட்டே சொன்னான்.

உங்க ரூம்ல யாராவது திடீர்னு இளைச்சு, தண்ணியாவே குடிச்சுட்டு இருந்தா, இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.