பிணையக் கருவிச் சட்டகம்

பிணையக் கருவிச் சட்டகம் என்பது கணினி வலையமைப்பின் சுவிட்ச், பேட்ச் பேனல், ரவுட்டர் போன்றவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பொருத்த உதவும் இரும்புச் சட்டம் அல்லது பெட்டி ஆகும். வழக்கில் இது ரேக் எனப்படுகிறது. பெரிய கணினி மையங்களில் 42 யு உயரமுள்ள ரேக்குகள் தரையில் நிற்கின்றன. பள்ளிக் கணினி அறைகளிலும் சிறு அலுவலகங்களிலும் சுவரில் மாட்டும் சிறிய ரேக்குகளே மிகுதி.

அளவுகள்

கருவியின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. தொலைபேசி நிலையங்களில் ரிலேக்களைப் பொருத்திய சட்டங்களிலிருந்து வந்த அளவு இது. இன்று இ.ஐ.ஏ.-310, ஐ.இ.சி. 60297 ஆகிய தரநிலைகள் இதனை வரையறுக்கின்றன. உயரம் 'யு' என்னும் அலகால் குறிக்கப்படுகிறது; 1 யு என்பது 44.45 மி.மீ.

தூண்களில் ஒவ்வொரு யு-வுக்கும் மூன்று துளைகள் உண்டு. அவற்றின் இடைவெளி சமமாக இருப்பதில்லை, 15.9, 15.9, 12.7 மி.மீ. என்ற வரிசையில் திரும்பத் திரும்ப வருகிறது. குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இதைக் கவனிக்காமல் நட்டுகளை மாட்டிவிட்டு, சுவிட்ச் பொருந்தவில்லை என்று கடைக்காரரைக் குறை கூறுவோர் பலர்.

தேர்வு

இரண்டு 24 போர்ட் சுவிட்சுகள், இரண்டு பேட்ச் பேனல்கள், கேபிள்களை ஒழுங்குபடுத்தும் இரண்டு பட்டைகள், ஒரு மின்பலகை, மோடத்துக்கு ஒரு தட்டு என்று கொண்டால் 8 யு ஆகிறது. 9 யு ரேக் போதும் என்று தோன்றும். 12 யு வாங்குவதே நல்லது. ஆனால் உயரத்தைவிட ஆழத்தில்தான் தவறு அதிகம் நேர்கிறது. சுவிட்சின் ஆழத்தோடு பின்புற மின்கம்பியின் பிளக்குக்கும் அதன் வளைவுக்கும் இடம் வேண்டும். இல்லாவிட்டால் கம்பி நசுங்கும்.

காற்று எந்தத் திசையில் செல்கிறது என்பதையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். சில சுவிட்சுகள் பக்கவாட்டில் காற்றை இழுத்து மறுபக்கம் வெளியேற்றுகின்றன. அவற்றைப் பக்கத் துளையில்லாத பெட்டியில் வைத்தால் சூடு தேங்கும். அந்தச் சூட்டுக்கு அஞ்சிக் கதவைத் திறந்தே வைப்பது பல இடங்களில் வழக்கம். அப்புறம் பூட்டு எதற்கு?

சுவரில் பொருத்துதல்

காலி ரேக்கைத் தூக்கிப் பார்த்து எடையை மதிப்பிடக் கூடாது. கருவிகளும் கேபிள்களும் சேரும்போது அது பல மடங்காகும். மேலும் எடை சுவரை ஒட்டி இல்லாமல் முன்னால் தள்ளி நிற்பதால் மேல்வரிசை போல்ட்டுகளைச் சுவரிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பூச்சுக்குள் மட்டும் இறங்கிய பிளாஸ்டிக் பிளக் இதைத் தாங்காது. கான்கிரீட் தூணிலோ பீமிலோ விரியும் ஆங்கர் போல்ட் இடுவது நம்பகமானது. உள்ளீடற்ற கல்லில் அதே ஆங்கர் விரியும்போது கல்லையே உடைத்துவிடலாம். அங்கே சுவரைத் துளைத்து மறுபுறம் தகடு வைத்து முறுக்க வேண்டும். மாணவர்கள் உட்காரும் இருக்கைக்கு நேர் மேலே மாட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

ஈய-அமில மின்கலம் கொண்ட யு.பி.எஸ். சுவர் ரேக்குக்குள் செல்லக் கூடாது. அதன் இடம் தரைதான். தரையில் நிற்கும் ரேக்கிலும் கனமானது கீழேதான் இருக்க வேண்டும்.

நில இணைப்பு

கருவிகளின் மின்வழங்கிகளிலிருந்து மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் உலோகக் கூட்டுக்கு வருவது இயல்பு. எர்த் இல்லாத பழைய சாக்கெட்டில் இணைத்தால் ரேக்கைத் தொடும்போது விரலில் சுரீரென்று உணரப்படும். கருவிகள் கூடக்கூடக் கசிவும் கூடும். இது பழுதில்லை என்று விட்டுவிடுவது ஆபத்து. உண்மையிலேயே ஒரு மின்வழங்கி பழுதானால் அந்தக் கூடு முழு மின்னழுத்தம் பெறும். எர்த் கம்பியைப் பெயிண்ட் மீது திருகினால் இணைப்பு ஏற்படாது. பெயிண்டைச் சுரண்டியோ பல்வாஷர் வைத்தோ முறுக்கி, மீட்டரால் சோதிக்க வேண்டும். கீல் வழியாக மட்டும் இணைந்துள்ள கதவுக்குத் தனிக் கம்பி தேவை.